பந்தயத்தில் வென்று சந்தையில் தோற்ற வண்டிகள்

பந்தயத்தில் முதலில் வரும் வண்டியே கடையிலும் முதலில் விற்கும் என்ற நம்பிக்கை, மோட்டார்த் தொழில் தோன்றிய காலத்திலிருந்தே உற்பத்தியாளர்களை விடாமல் பற்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையால் செல்வம் சேர்த்தவர்கள் உண்டு. அதைவிட அதிகமானோர் அதை நம்பி முதலை இழந்தனர். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரத் தொழிற்பகுதியும், அதற்கு மேற்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள சோழவரமும் இக்கேள்வியை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான இடங்கள். வண்டிகளை உருவாக்கிய தொழிற்சாலைகளும் அவற்றை ஓட்டிப் பார்த்த பந்தயத்தடமும் இவ்வளவு அருகில் அமைந்த பகுதி இந்தியாவில் வேறு இல்லை என்றே சொல்லலாம். இங்கு நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, பந்தயமும் சந்தையும் ஒரே வண்டியிடம் முற்றிலும் வேறான தகுதிகளை எதிர்பார்த்தன என்பதும், வென்ற வண்டிகள் பெரும்பாலும் தங்கள் எஞ்சினால் அல்லாமல் தங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய விற்பனையகம், பட்டறை, உதிரிபாகக் கடை ஆகியவை இல்லாமையால்தான் வீழ்ந்தன என்பதும் தெளிவாகின்றன.

எண்ணூரின் மோட்டார் வரலாறு லாரியில் தொடங்கவில்லை, காரில் தொடங்கியது. இரகுநந்தன் சரண் 1948-இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1949-இல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோக்கத் தொடங்கியது. கோப்பது என்பது, வெளிநாட்டில் செய்யப்பட்டு, பிரித்த நிலையில் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பப்பட்ட பாகங்களை உள்நாட்டுத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்த்து முழு வண்டியாக்கும் முறை. சுங்கவரியையும் அந்நியச் செலாவணியையும் மிச்சப்படுத்த அன்று இந்தியத் தொழில்முனைவோர் பலரும் இவ்வழியையே நாடினர். அதே 1949-ஆம் ஆண்டு ஏப்ரலில், அதே ஆஸ்டின் நிறுவனம் ஏ90 அட்லாண்டிக் என்ற தன் புதிய காரை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தடத்துக்குக் கொண்டுசென்று, ஏழு நாட்கள் இரவும் பகலும் ஓட்டுநர்களை மாற்றி மாற்றி ஓட்டச் செய்தது. மணிக்குச் சராசரியாக 70 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் 11,850 மைல் ஓடிய அந்தக் கார், ஸ்டாக் கார் பிரிவில், அதாவது கடையில் விற்கும் நிலையிலேயே உள்ள கார்களுக்கான பிரிவில், 63 அமெரிக்கச் சாதனைகளை முறியடித்தது.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின் அமெரிக்காவில் விற்ற அட்லாண்டிக் கார்கள் ஏறத்தாழ 350 மட்டுமே. விலையை ஆயிரம் டாலர் குறைத்தும் பயனில்லை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எவ்வளவு ஏற்றுமதி செய்கிறதோ அதற்கேற்பவே ஒரு நிறுவனத்துக்கு எஃகு ஒதுக்கப்பட்டதால், அமெரிக்கரின் ரசனை எதுவென்று தொலைவிலிருந்தே ஊகித்து, குரோமியப் பட்டைகளோடு இந்தக் காரை ஆஸ்டின் வடிவமைத்திருந்தது. ஆனால் அதே பணத்துக்கு ஆறு அல்லது எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய உள்நாட்டுக் காரும், ஊருக்கு ஊர் அதைப் பழுதுபார்க்க ஒரு பட்டறையும் அமெரிக்கருக்குக் கிடைத்தன. ஏழு நாள் நிற்காமல் ஓடும் திறன் அவருடைய தேவையாகவே இருக்கவில்லை. உலகெங்கும் சேர்த்து 7,981 அட்லாண்டிக் கார்களே செய்யப்பட்டன. எண்ணூருக்கு வந்த ஏ40 வகைக்கு எந்தச் சாதனைப் பட்டமும் இல்லை. 1,200 சிசி எஞ்சினும் உறுதியான சட்டகமும் கொண்ட எளிய குடும்பக் கார் அது. அதன் டெவன் வடிவம் மட்டுமே இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது.

அட்லாண்டிக்கின் கதை அத்துடன் முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. விற்காமல் போன அந்தக் காரின் 2,660 சிசி எஞ்சினை வாங்கி, டொனால்ட் ஹீலி என்ற வடிவமைப்பாளர் இலேசான இருவர் காரொன்றில் பொருத்தி, 1952 அக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் வைத்தார். ஆஸ்டின்-ஹீலி 100 என்ற பெயரில் வெளிவந்த அது 1956-க்குள் 14,000-க்கு மேல் விற்றது, அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவில். எஞ்சின் மாறவில்லை, யாருக்காகச் செய்கிறோம் என்ற தெளிவு மட்டும் வந்தது. எண்ணூரோ கார்களின் பக்கம் நீடிக்கவில்லை. 1950-இல் லேலண்ட் நிறுவனத்தோடு லாரிகளுக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. இடையில் சரண் விமான விபத்தில் இறந்தார். 1955-இல் நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, லாரி, பேருந்து உற்பத்தியையே தன் தொழிலாக்கிக்கொண்டது.

பந்தயத்தின் இயல்பை அறிய எண்ணூரிலிருந்து சோழவரத்துக்கு வர வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைத்த விமான ஓடுதளம் அங்கே பயனின்றிக் கிடந்தது. 1953-இல் உருவான மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்தடமாக்கியது. 1980களின் இறுதி வரை, இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்து 1990-இல் திறக்கப்படும் வரை, தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் தலைமையிடம் சோழவரமே. விமானம் இறங்குவதற்கென அமைத்த தளம் என்பதால் அதில் ஏற்றமும் இறக்கமும் இல்லை. நீண்ட நேர்க்கோடுகளும் அவற்றை இணைக்கும் கூரிய திருப்பங்களும் மட்டுமே இருந்தன. இத்தகைய தடத்தில் வெல்ல மூன்று தகுதிகள் தேவைப்பட்டன: நேர்க்கோட்டில் எட்டும் உச்ச வேகம், திருப்பத்துக்கு முன் வேகத்தைச் சட்டென்று குறைக்கும் பிரேக், திருப்பம் முடிந்தவுடன் மீண்டும் வேகமெடுக்க உதவும் குறைந்த எடை. வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மழைநீர் தேங்கிய மணலி சாலையில் எஞ்சின் நின்றுவிடுமா, ஐந்து ஆண்டுக்குப் பின் விற்றால் பாதி விலையாவது தேறுமா என்ற கேள்விகளுக்குச் சோழவரத்தில் இடமில்லை. வாங்குபவரோ இவற்றைத்தான் முதலில் கேட்டார். கார் வாங்குவது வாழ்நாளில் ஒருமுறை நேரும் பெருஞ்செலவாக இருந்த நாட்டில் அவர் அப்படிக் கேட்டதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பந்தயத்தின் புகழை முதலாக்கிக்கொள்ளும் வழியை வடசென்னையில் நன்கு அறிந்திருந்தது ஒரு டயர் நிறுவனம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1961-இல் டயர் உற்பத்தியில் இறங்கி, பின்னாளில் இந்திய மோட்டார் பந்தயத்தின் பெரும் புரவலர்களுள் ஒன்றாக வளர்ந்தது. எந்த நிறுவனத்தின் கார் வென்றாலும் அதன் சக்கரத்தில் இருப்பது தன் டயராக இருந்தால் போதும். மறுநாள் அந்த டயரை வாங்க எந்தக் கார் உரிமையாளரும் தன் காரை மாற்ற வேண்டியதில்லை. வண்டி செய்தவருக்கு இந்த வசதி வாய்க்கவில்லை.

சோழவரத்தில் 1980களில் ஆதிக்கம் செலுத்திய பைக், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்டி350 வடிவமைப்பைக் கொண்டு 1983 முதல் தயாரித்த இராஜ்தூத் 350. இரண்டு சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர், 30 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். அன்றைய இந்தியச் சாலையில் அதற்கு ஈடான வேகம் கொண்ட உள்நாட்டு வண்டி கிடையாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால், அதாவது பிஸ்டனின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரிபொருள் வெடித்து விசை தரும் வகை என்பதால், விசை மிகுதி. பெட்ரோல் செலவும் மிகுதி. லிட்டருக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. மூல வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கை இந்தியப் பதிப்பில் நீக்கி டிரம் பிரேக் பொருத்தியதால், வேகம் இருந்த அளவுக்கு அதை அடக்கும் திறன் இல்லை. எரிபொருள் செலவைக் குறைக்க விசை தாழ்த்திய வடிவமொன்றை நிறுவனம் கொண்டுவந்தபோது, வேகத்துக்காக வாங்க வந்தவர் முகம் சுளித்தார். சிக்கனம் தேடியவரோ 1985-இல் வந்த 100 சிசி ஹீரோ ஹோண்டாவிடம் போனார். வேகம் விரும்பிய இளைஞர்களையும் அதே எஸ்கார்ட்ஸ் அதே ஆண்டு வெளியிட்ட யமஹா ஆர்எக்ஸ்100 கவர்ந்துகொண்டது. பந்தயத்தில் அசைக்க முடியாதிருந்த வண்டி அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் கடைகளிலிருந்து மறைந்தது.

கார்களுள் இதற்கு இணையான எடுத்துக்காட்டு பெங்களூரின் சிபானி நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையன்ட் நிறுவனம் 1975 முதல் தயாரித்த கிட்டன் என்ற சிறுகாரின் இந்திய வடிவம் அது. 848 சிசி கொள்ளளவுள்ள எஞ்சின் முழுவதும் அலுமினியம். உடற்பகுதி கண்ணாடி இழையால் வார்த்தது. மொத்த எடை ஏறத்தாழ 500 கிலோ. அன்று இந்தியச் சாலைகளை நிறைத்திருந்த அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஐம்பதுகளின் வடிவமைப்பில் வந்த கனமான எஃகுக் கார்கள் என்பதை நினைத்தால், பந்தய ஓட்டிகள் டால்ஃபினை ஏன் விரும்பினர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. விசை பின்சக்கரங்களுக்குச் சென்றதால், ஆக்ஸிலேட்டரைக் கொண்டே வண்டியின் பின்புறத்தை வளைவில் திருப்பும் வித்தை அதில் எளிதாயிற்று. தென்னிந்திய ராலிகளிலும், அதாவது பொதுச்சாலையிலும் காட்டுப்பாதையிலும் நேரக்கணக்கில் நடக்கும் நெடும்போட்டிகளிலும், சுற்றுப் பந்தயங்களிலும் அது பெயர் பெற்றது.

வாங்குவோர் அதை நெருங்காததற்கான காரணங்களும் பந்தயத்தில் அதை வெல்ல வைத்த பண்புகளிலிருந்தே பிறந்தன. எஃகு உடல் நசுங்கினால் எந்தத் தெருமுனை டிங்கரிங் பட்டறையிலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மக்கு பூசி, பெயின்ட் அடித்துவிடலாம். கண்ணாடி இழை நசுங்குவதில்லை. விரிசல் விடும், சில்லாகப் பெயரும். அதைச் சீர்செய்ய இழைத்துணியும் பிசினும் வேண்டும், அவை உலர நாளும் வேண்டும், அந்த வேலை அறிந்த கையும் வேண்டும். இராயபுரத்திலோ புதுப்பேட்டையிலோ அம்பாசடரின் எந்தப் பாகத்தையும் புதிதாகவோ பழையதாகவோ வாங்க முடிந்த காலத்தில், டால்ஃபினின் கதவுக் கைப்பிடிக்குக்கூட விற்பனையாளரையே எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. இரண்டே கதவுகள் என்பதும், முதியவர்களும் குழந்தைகளுமாக ஏறி இறங்கும் குடும்பங்களுக்கு ஒத்துவரவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின் நிலைமை கைமீறிப் போயிற்று. நான்கு பயணியர் கதவுகளும் எஃகு உடலும் அரசின் பின்பலமும் நாடெங்கும் பரவிய பணிமனைகளும் கொண்ட அந்தக் காரோடு ஒரு சிறு நிறுவனம் போட்டியிட இயலவில்லை. 1987-இல் மான்டானா என்ற பெயரில் கதவுகளைக் கூட்டிச் சிபானி முயன்றபோது சந்தை கையைவிட்டுப் போயிருந்தது. இங்கிலாந்திலும் கிட்டன் ஏறத்தாழ 4,000 மட்டுமே விற்றது என்பதால், இந்திய வாங்குநரின் அறியாமையே டால்ஃபினைக் கொன்றது என்ற பேச்சுக்கு இடமில்லை.

டால்ஃபின் வெல்லும் எஞ்சினோடு வந்தது. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சினை விட்டுவிட்டு வந்த கார் ஸ்டாண்டர்ட் 2000. சென்னையின் தென்கோடியில், வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட இந்தக் காரின் உடல், 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1-இன் உடல். 3,528 சிசி எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட அதன் விட்டெஸ் வடிவத்தில் ஆண்டி ரூஸ் 1984-இல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். 1985-இல் ஐரோப்பிய டூரிங் கார் போட்டிகளின் பல சுற்றுகளை அது வென்றது. 1986-இல் ஜெர்மானிய டூரிங் கார் பட்டத்தைக் குர்ட் தீம் அதே வண்டியில் கைப்பற்றினார். ஐரோப்பியத் தடங்களில் ரோவர் இப்படிக் கோப்பைகளைக் குவித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே உடலைக் கொண்ட கார் சென்னை விற்பனையகங்களில் வாங்க ஆளின்றி நின்றது.

காரணம் முன்மூடியைத் திறந்தவுடன் தெரிந்துவிடும். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கென வகுத்த அகன்ற அறையில், நாற்பதுகளின் இறுதியில் ஸ்டாண்டர்ட் வான்கார்டு காருக்காக உருவான நான்கு சிலிண்டர் எஞ்சின் அமர்ந்திருந்தது. 1,991 சிசியில் ஏறத்தாழ 83 குதிரைத்திறன் மட்டுமே தந்த இந்த எஞ்சினை நிறுவனம் தன் வேன்களுக்காக ஏற்கெனவே தயாரித்து வந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் உள்நாட்டுப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் புதிய எஞ்சினை இறக்குமதி செய்ய இடம் தரவில்லை என்பதால், இது நிர்வாகத்தின் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. எனினும் பெரும்பணம் கொடுத்து வாங்கியவர் ரோவரின் தோற்றத்தைப் பெற்றார், வேனின் ஓட்டத்தைப் பெற்றார், பெட்ரோல் செலவோ பெரிய காருக்குரியதாகவே இருந்தது. 1988-இல் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடப்பட்டது.

திருவொற்றியூரின் என்ஃபீல்டு இவை இரண்டிலிருந்தும் வேறுபட்ட அனுபவங்களைக் கண்டது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயங்கிய ட்சுண்டாப் நிறுவனத்தின் சிறு வண்டி வடிவமைப்புகளை என்ஃபீல்டு இந்தியா பெற்று, இராணிப்பேட்டை ஆலையில் 50 சிசி சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் வண்டிகளையும், பின்னர் ஃபியூரி 175 என்ற பைக்கையும் தயாரித்தது. ட்சுண்டாப்பின் முடிவு இந்த ஆய்வுக்கு மிகக் கூர்மையான சான்று. 1984-இல் புதிதாகத் தொடங்கிய 80 சிசி உலகப் பந்தயப் பிரிவில் ஸ்டெஃபான் டார்ஃப்லிங்கர் ட்சுண்டாப் வண்டியில் உலகச் சாம்பியன் ஆனார். அதே 1984-இல் ட்சுண்டாப் திவாலாகி, அதன் இயந்திரங்கள் சீனாவுக்கு விற்கப்பட்டன. உலகப் பட்டம் அந்த நிறுவனத்துக்கு ஓராண்டுகூட ஆயுளைக் கூட்டித் தரவில்லை. ஐரோப்பாவில் இளைஞர்கள் சிறு வண்டி வாங்கிய சந்தையே அன்று சுருங்கிக்கொண்டிருந்தது.

ஃபியூரியின் பொறியியல் அக்கால இந்திய வண்டிகளோடு ஒப்பிட்டால் ஓர் எட்டு முன்னே நின்றது. ஐந்து கியர், முன்சக்கரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக். ஆனால் அது சந்தைக்கு வந்த நேரத்தில் நான்கு ஜப்பானிய நிறுவனங்களின் 100 சிசி வண்டிகள் நாடு முழுவதும் பரவத் தொடங்கியிருந்தன. என்ஃபீல்டு விற்பனையகத்தின் படியேறியவர் புல்லட் கேட்டே வந்தார்; புல்லட் வேண்டாதவர் அந்தப் படியே ஏறவில்லை. ஃபியூரி தன் தகுதிக்குரிய வாய்ப்பைப் பெறாமலே நின்றுபோனது என்பது வருந்தத்தக்கது.

அதே நிறுவனத்தின் புல்லட், எதிர்த்திசையில் நகர்ந்த வண்டி. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் உருவான புல்லட், பந்தயத்தடத்தின் வேகப்போட்டிகளில் அல்லாமல், பாறையும் சேறும் நிறைந்த பாதைகளில் காலூன்றாமல் ஓட்ட வேண்டிய டிரையல்ஸ் என்ற போட்டிகளில் புகழ்பெற்றது. ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை அதில் வென்றார். ஆயினும் பிரிட்டிஷ் இளைஞர்களின் விருப்பம் வேறு வண்டிகளுக்கு மாற, 1962-இல் ரெடிச் தன் விற்பனைப் பட்டியலிலிருந்து புல்லட்டை நீக்கியது. 1967-இல் அந்த ஆலையே மூடப்பட்டது. சென்னையில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு இணைந்து 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவோ, இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்காகக் கேட்ட 800 வண்டிகளில் தொடங்கி, ரெடிச்சிலிருந்து வந்த வார்ப்பச்சுகளையும் கருவிகளையும் கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்துக்குள் முழு வண்டியையும் திருவொற்றியூரிலேயே செய்யத் தொடங்கியது.

புல்லட் இங்கே நிலைத்ததற்கு ஜானி பிரிட்டன் வென்ற கோப்பைகள் காரணமல்ல. திருவொற்றியூரில் அதை வாங்கியவர் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. இராணுவமும் காவல்துறையும் ஆண்டுதோறும் வாங்கியதால் உற்பத்தி நிற்கவில்லை. உற்பத்தி நிற்காததால் பாகங்கள் எங்கும் கிடைத்தன. பாகங்கள் கிடைத்ததால் ஒவ்வோர் ஊரிலும் அதைப் பழகிய மெக்கானிக் ஒருவர் உருவானார். பாயின்ட் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, டேப்பட் ஓசையைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் அந்த மெக்கானிக்கின் கைத்திறனை எந்த நிறுவனமும் விளம்பரத்தால் வாங்க முடியாது. டால்ஃபினுக்கும் ஃபியூரிக்கும் இராஜ்தூத் 350-க்கும் இத்தகைய மெக்கானிக்குகள் பெருகுவதற்குப் போதிய ஆண்டுகள் கிடைக்கவில்லை. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

வென்றும் விற்காத இந்த வண்டிகளை ஏமாற்றங்களாக மட்டும் எண்ணி ஒதுக்குவது தவறு. இலேசான உடல், அலுமினிய எஞ்சின், டிஸ்க் பிரேக், ஐந்து கியர் ஆகிய அனைத்தும் பின்னர் இந்தியச் சாலைகளில் எளிய வண்டிகளுக்கும் வழக்கமாகிவிட்டன. முதலில் கொண்டுவந்தவர்கள் மட்டும் அதன் பயனைப் பெறவில்லை. இவற்றின் வரலாறு எழுதப்பட வேண்டுமானால் அதற்கான சான்றுகள் இப்போதே திரட்டப்பட வேண்டும். சோழவரம் பந்தயங்களின் நிகழ்ச்சி மலர்கள், அக்கால நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள், வண்டிகளைப் பந்தயத்துக்காகத் திருத்தியமைத்த பட்டறைக்காரர்களின் குறிப்பேடுகள், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றோரின் நினைவுகள் ஆகியவை பல வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் பழைய காகிதக் கடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்திடமோ கல்லூரியின் வரலாற்றுத் துறையிடமோ ஒப்படைக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் 2000-க்கு நம் ஊர் அதைச் செய்யவில்லை. மூடிக் கிடந்த ஆலையில் எஞ்சியிருந்த அதன் பயன்படுத்தாத பாகங்களை 2006-இல் மொத்தமாக வாங்கிச் சென்றது பழைய ரோவர் கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் இங்கிலாந்து நிறுவனம் ஒன்று.